பரணிலிருந்து தெரிவதும் தெரியாததும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போக முதன்மையான பருவம் வருடத்துக்கு ஒன்பது நாள்தான். நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்த ஒன்பது நாளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு காட்டிலும் வயலோரத்திலும் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து மிச்சிகனில் எந்தக் கிழமையானாலும் நவம்பர் 15-தான் முதல் நாள். பென்சில்வேனியாவின் கிராமப்புறங்களில், முதல் நாள் திங்கட்கிழமையாக இருந்த 2018 வரை, பல பள்ளிக்கூடங்கள் அன்றைக்கு விடுமுறையே விட்டுவந்தன. இந்தக் கூட்டத்தில் தானாகக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் குறைவு. தாத்தா கட்டிய மரக்குடில், அப்பாவின் கைக்குப் பழகிய ரைஃபிள், பெரியப்பா சித்தப்பாக்கள் கூடி நின்று கறி கூறுபோடும் மேசை என்று குடும்பத்தை ஒட்டியே இந்த வேட்டை வளர்ந்திருக்கிறது. குடிலும் துப்பாக்கியும் இறங்குவது போலவே அறிவுரையும் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. எங்கே உட்கார வேண்டும், எப்போது சுட வேண்டும், எதைச் சுடவே கூடாது.

இந்த அறிவுரைகளில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம். மானைத் தொட்டாலே ஜெயில் என்கிற ஊரில் இருக்கும் நமக்கு (1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது) இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். 'பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பவர்களுக்கும் 'பழசெல்லாம் மூடநம்பிக்கை' என்பவர்களுக்கும் நடுவே வயல், வைத்தியம், சமையல் என்று எல்லாவற்றிலும் நாமும் அல்லாடிக்கொண்டுதானே இருக்கிறோம்? அந்தச் சண்டையைக் கணக்கு வழக்கோடு பார்க்க அமெரிக்க மான் காடு நல்ல இடம். நூறு வருடத்துக்கு மேலாக அங்கே சுட்டதையும் எண்ணியிருக்கிறார்கள், சுடாமல் விட்டதன் விளைவையும் அளந்திருக்கிறார்கள். அதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: பரண் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற விஷயத்தில் குடும்பம் சொல்வது பெரும்பாலும் சரி. விளைவு இருபது வருடம் கழித்தோ, வேறொருவர் வீட்டிலோ, நுண்ணோக்கியின் அடியிலோ தெரிகிற விஷயத்தில் அதே குடும்பம் அதே நல்லெண்ணத்தோடு தவறாகச் சொல்லும். அறிவு கூடக் குறைய இருப்பதால் வருகிற வித்தியாசம் இல்லை இது. தவறு செய்தால் அடி எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்பதுதான் வித்தியாசம்.

சரியாகச் சொல்வதிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அது கொஞ்சநஞ்சம் அல்ல. அங்கே வேட்டையாடப்படும் வெள்ளைவால் மானின் பாதுகாப்பே அதன் மூக்குதான். அதனால் எந்தக் குடும்பத்திலும் முதல் பாடம் காற்று. மான் வரக்கூடிய வழிக்கும் உனக்கும் நடுவே காற்று எப்படி ஓடுகிறது என்று பார். உன் மேல் பட்ட காற்று மானை நோக்கிப் போனால் அந்தப் பரணில் இன்றைக்கு ஏறாதே, வேறு இடம் பார். காலையில் வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேல்நோக்கிப் போகும், சாயங்காலம் குளிர்ந்தால் பள்ளத்தை நோக்கி இறங்கும், ஆகவே காலையில் மேட்டில் உட்கார் என்பது அடுத்த பாடம். மலைச்சரிவுக் காற்று பற்றிய எந்தப் பாடப்புத்தகமும் இதைத்தான் சொல்லும். குண்டு பட்டதும் பின்னாலேயே ஓடாதே என்பது இன்னொன்று. தரையில் கிடக்கும் ரத்தத்தைப் பார். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் போனால் போதும். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல், சில மணி நேரம் காத்திரு. பச்சையும் நாற்றமும் கலந்திருந்தால் குடலில் பட்டிருக்கிறது, அந்த மானை அரை நாளுக்குத் தொந்தரவு செய்யாதே. குடலில் அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது மைல் கணக்கில் ஓடி எங்கோ செத்துக் கிடக்கும். விட்டுவைத்தால் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும். இதை மீறினவருக்குக் கிடைக்கும் தண்டனை அன்றைக்கே, அவர் கண் முன்னாலேயே கிடைக்கிறது: மான் கையை விட்டுப் போகிறது. மீறினவர் எல்லோருக்கும் அப்படியே நடப்பதால் பொய்யான அறிவுரை இங்கே ரொம்ப நாள் தங்காது.

குடலை எடுப்பதிலும் அப்படித்தான். சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுத்து உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும், சிறுநீர்ப்பையைக் கத்தி தொடக் கூடாது, நாள் வெதுவெதுப்பாக இருந்தால் விலாக்கூட்டுக்குள் பனிக்கட்டி வைக்க வேண்டும். தப்பாகச் செய்தால் கறி அன்றே காட்டிக்கொடுத்துவிடும். சொல்லித்தரும் மாமாவுக்கு நுண்ணுயிரி பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், அவர் சொல்லும் முறையில் குறை கண்டுபிடிப்பது கடினம்.

சில சமயம் பரணிலிருந்து கண்ட உண்மைக்கு ஆய்வுக்கூடம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறது. அசையாமல் இருந்தால் மானுக்குச் சிவப்புச் சட்டை ஒரு பொருட்டே இல்லை என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்லிவந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மானின் விழித்திரையைச் சோதித்து, நீண்ட அலை நிறங்களைப் பிரித்தறியும் கூம்பு அதற்கு இல்லை, ஆரஞ்சும் சிவப்பும் அதற்கு மங்கலாகத்தான் தெரியும் என்று காட்டினார்கள். நீலம் நன்றாகத் தெரியும் என்பது கூடுதல் செய்தி. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதே என்று எந்தத் தாத்தாவும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் கண்ணால் கண்டது எல்லாமே சரி என்றும் விட்டுவிட முடியாது. நிலவைப் பாருங்கள். எந்தப் பௌர்ணமியை ஒட்டி மான்கள் இணை தேடும் என்று கணக்குப் போடும் பழக்கம் வேட்டைக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அதை வைத்து நாட்காட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சினைப்பெட்டைகளின் கருவை அளந்து பின்னோக்கி நாள் கணக்கிட்டுப் பார்த்தால், வடக்கு மாநிலங்களில் இணைசேர்க்கை வருடா வருடம் நவம்பர் நடுவில்தான் உச்சத்தைத் தொடுகிறது. நிலவு எங்கே இருந்தாலும் அது நகர்வதில்லை, ஏனென்றால் மானின் உடம்பு பகலின் நீளம் குறைவதைக் கேட்டு நடக்கிறது. பௌர்ணமி நவம்பர் நடுவில் விழுகிற வருடத்தில் நம்பிக்கை பலிக்கும், மற்ற வருடங்கள் மறந்துபோகும். கிளை விடாத ஒற்றைக் கொம்போடு திரியும் ஒன்றரை வயது மானை 'இது ஜென்மத்துக்கும் இப்படித்தான், கழித்துவிடு' என்று சுடச் சொல்வதும் இதே ரகம். தாமதமாகப் பிறந்த குட்டிக்கும் தீனி சரியாகக் கிடைக்காத குட்டிக்கும் முதல் கொம்பு அப்படி முளைக்கலாம். விட்டுவைத்தால் அதுவும் கிளைவிட்ட கொம்போடு வரும். அதை விட்டுவைத்துப் பார்த்தவர்கள் குறைவு, அதனால்தான் நம்பிக்கை நீடித்தது. சுடப்பட்ட மான் மறுவருடம் வந்து சாட்சி சொல்லாது.

இவை சில்லறைத் தவறுகள், யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. பெரிய தவறு ஒன்று இருக்கிறது, என் வாதத்துக்கு அதுதான் மையம்: பெட்டை மானைச் சுடாதே என்ற அறிவுரை. இது ஆரம்பத்தில் தவறாக இருக்கவில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். சந்தைக்காகக் கண்டபடி சுட்டதாலும் காட்டை வெட்டியதாலும் 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்கவே வெள்ளைவால் மான் ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்திருக்காது என்று மதிப்பிடுகிறார்கள். அந்த வருடம்தான் திருட்டு வேட்டைக் கறியை மாநிலம் தாண்டி விற்பதைத் தடுக்கும் லேசி சட்டம் வந்தது. பென்சில்வேனியா 1906-இல் மிச்சிகனிலிருந்து மான்களை வாங்கி வந்து காட்டில் விட்டது. 1907-இல் பெட்டையைச் சுடக் கூடாது என்று சட்டம் போட்டது. குட்டி போடுகிற மானைக் கொல்லாதே என்பதை அன்றைக்குச் சொல்லித்தந்த அப்பா, தன் மகனுக்கு ஒரு நல்லொழுக்கத்தையே சொல்லித்தந்தார். பெட்டையைச் சுடுகிறவன் வேட்டைக்காரனே இல்லை என்கிற அளவுக்கு அது ரத்தத்தில் ஊறியது. பயனும் கிடைத்தது, மான் திரும்பி வந்தது.

திரும்பி வந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. நல்ல தீனி கிடைத்தால் வளர்ந்த பெட்டை வருடத்துக்கு இரண்டு குட்டி போடும். மிச்சிகனில் ஜார்ஜ் ரிசர்வ் என்று பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வேலியிட்ட நிலம் ஒன்று உண்டு, ஏறத்தாழ 1,200 ஏக்கர். 1928-இல் அதற்குள் ஆறே ஆறு மான்களை விட்டார்கள், நான்கு பெட்டை, இரண்டு ஆண். ஆறு வருடத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஓட்டி எண்ணியபோது 160. ஒரு ஆண் மான் பல பெட்டைகளோடு சேரும், ஆகவே ஆண்களை மட்டும் எத்தனை சுட்டாலும் பெருக்கம் நிற்காது. இன்று நாடு முழுக்க மூன்று கோடி வெள்ளைவால் மான்கள் இருப்பதாக மதிப்பீடு. இதன் விலையைக் காடு கொடுத்தது. பென்சில்வேனியாவின் அலிகெனிப் பகுதியில் வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் 1980-ஐ ஒட்டி ஒரு சோதனை தொடங்கினார்கள். வேலி போட்டு, சதுர மைலுக்கு 10, 20, 40, 80 மான்கள் என்ற கணக்கில் அடைத்துப் பத்து வருடம் பார்த்தார்கள். மான் கூடக் கூட மரக்கன்று வகைகள் குறைந்தன, மான் தொடாத பெரணிச் செடி தரையை மூடியது, நடுமட்டக் கிளைகளில் கூடு கட்டும் பறவைகள் அருகின. பரண் மேல் இருப்பவருக்கு இது தெரியாது. அவர் பார்ப்பது உயர்ந்த மரங்களும் பச்சைத் தரையும்தான். அடுத்த தலைமுறை மரம் முளைக்கவே இல்லை என்பதைக் காண அவர் இன்னும் எழுபது வருடம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஆல்டோ லியோபோல்டு. தானே வேட்டைக்காரர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மைப் பேராசிரியர். 1940-களின் தொடக்கத்தில் பனிக்காலத்தில் மான்கள் கூடும் இடங்களுக்கு ஆட்களை அழைத்துப் போய், எட்டுகிற உயரம் வரை தழையே இல்லாத மரங்களையும் பட்டினியில் செத்த குட்டிகளையும் காட்டினார். அவர் உறுப்பினராக இருந்த மாநில இயற்கைப் பாதுகாப்பு ஆணையம் 1943-இல் பெட்டைகளையும் சுட அனுமதித்தது. ஒரு லட்சத்துக்கும் மேலான மான்கள் விழுந்தன. மாநிலமே கொதித்தது, '43-ஆம் வருடத்துக் குற்றம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவரைத் திட்டுவதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. பட்டினிச் சாவுக்கு மக்கள் கேட்ட மருந்து, காட்டில் வைக்கோல் போடுவது. பனிக்காலத்தில் மானின் இரைப்பை சுள்ளி மொட்டுக்குப் பழகியிருக்கும். திடீரென்று வைக்கோலோ சோளமோ போட்டால் அதைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அங்கே இருக்காது, வயிறு நிறைந்தே சாகும். இரக்கமும் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தானே வேலை செய்கிறது.

அறுபது வருடம் கழித்துப் பென்சில்வேனியாவில் அதே நாடகம் மறுபடி அரங்கேறியது. மாநில வேட்டை ஆணையத்தில் கரடி ஆராய்ச்சியால் பெயர் பெற்றிருந்த கேரி ஆல்ட்டை மான் விவகாரத்துக்குப் பொறுப்பாக்கினார்கள். அவர் ஊர் ஊராகப் போய், பெட்டைகளைக் கூடுதலாகச் சுடுங்கள், இளம் ஆண் மான்களை விட்டுவையுங்கள் என்று படம் போட்டு விளக்கினார். கூட்டங்களுக்கு அவர் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்து போனதாக அப்போது செய்தி வந்தது. 2002 பருவத்தில் அந்த மாநிலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் மான்கள் சுடப்பட்டன. 2004 முடிவதற்குள் ஆல்ட் பதவியை விட்டு விலகிவிட்டார். விஸ்கான்சின் ஒரு படி மேலே போய், முதலில் ஒரு பெட்டையைச் சுட்டுக் காட்டினால்தான் கொம்பு மானைச் சுடலாம் என்று சில பகுதிகளில் விதி வைத்தது. மான் தொகையைக் குறைப்பதில் அதைப் போல் வேலை செய்த விதி வேறில்லை. 2011-இல் சட்டமன்றமே அதை ஒழித்துக் கட்டியது. காரணம் உங்களுக்கே தெரியும், வாழ்நாளெல்லாம் கனவு கண்ட கொம்பு மான் எதிரே வந்து நிற்கும்போது 'இன்னும் பெட்டை சுடவில்லையே' என்று துப்பாக்கியைத் தாழ்த்தச் சொல்லும் விதியை யார் பொறுத்துக்கொள்வார்கள்?

வேட்டைக்காரர் தரப்பின் பதிலை லேசாக ஒதுக்க நான் தயாரில்லை. அவர்கள் சொல்வது: 'நாங்கள் காட்டிலேயே கிடக்கிறோம். முன்பு ஒரு காலையில் இருபது மான் பார்த்தோம், இப்போது இரண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து கணினியில் எண்ணுகிறவருக்கு என்ன தெரியும்?' அவர்கள் பார்த்தது உண்மை. பென்சில்வேனியாவில் 2002-க்குப் பிறகு மான் குறைந்ததும் உண்மை, குறைப்பதற்குத்தானே அத்தனை பாடும்? இருபது மான் இருந்த காலத்தை இயல்பு என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து இறங்குவதெல்லாம் நாசம் என்று கணக்கிடுவதில்தான் கோளாறு. எல்லோருக்கும் தன் பதினைந்து வயதில் பார்த்த காடுதான் அசல் காடு. பார்வையே மாறிப்போனதும் ஒரு காரணம். முன்பு பத்துப் பேர் வரிசையாக நடந்து மானைக் கிளப்பி ஓட்டுவார்கள், எல்லோர் கண்ணிலும் மான் படும். இப்போது அவரவர் சொந்த நிலத்தில் அவரவர் பரணில் அசையாமல் இருக்கிறார்கள். இரண்டாம் நாளே விஷயம் புரிந்துகொண்ட மான் பகலில் புதரை விட்டு எழுந்திருப்பதில்லை.

நிபுணர்கள் தரப்பிலும் அழுக்கு உண்டு. கிராண்ட் கேனியனுக்கு வடக்கே கைபாப் மேட்டுநிலத்தில், ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் கொன்றதால் மான் ஒரு லட்சமாகப் பெருகி 1920-களில் பட்டினியில் செத்தது என்று பல தலைமுறைப் பாடநூல்கள் எழுதின. அந்த ஒரு லட்சம் யாரோ ஒருவர் ஊகித்த எண் என்றும், காரணமும் அவ்வளவு நேர்கோடல்ல என்றும் 1970-இல் கிரேம் காக்லி என்ற விலங்கியலாளர் எடுத்துக்காட்டினார். பட்டினிச் சாவு நடந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வேட்டைக்காரர் மிகைப்படுத்தினால் கதை, பேராசிரியர் மிகைப்படுத்தினால் தரவு என்று நடந்துகொண்டிருக்கிறோமே, அது நியாயமில்லை.

என் வாதத்தை இதைவிட அழுத்திச் சோதிக்கும் ஒரு எதிர்ச்சான்று விஸ்கான்சினிலேயே இருக்கிறது. மெனாமினி பழங்குடியினரின் காடு அந்த மாநிலத்தின் வடகிழக்கில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருக்கிறது. அங்கேயும் தாத்தா பேரனுக்குத்தான் வேட்டையைக் கற்றுத்தருகிறார். ஆனால் மெனாமினி, ஒஜிப்வே மக்களின் நிலங்களை வெளியிலுள்ள காடுகளோடு ஒப்பிட்டு டொனால்ட் வாலர், நிகோலஸ் ரியோ இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பழங்குடிக் காடுகளில் மான் அடர்த்தி குறைவு, மரக்கன்றுகள் நன்றாக எழும்புகின்றன, மரங்களும் முதிர்ந்தவை என்று சொல்கிறது. அப்படியானால் குடும்ப அறிவுக்குக் காடு தெரியாது என்று நான் சொன்னது பொய்யா? ஒரு திருத்தத்தோடு நிற்கும் என்று நினைக்கிறேன். மெனாமினி மக்கள் நூறு வருடத்துக்கு மேலாகச் சொந்த மர ஆலை நடத்துகிறார்கள். காட்டில் கன்று முளைக்காவிட்டால் பேரனுக்குப் பிழைப்பு இல்லை. அவர்களுக்கு மான் கறி, காடு வீடு, இரண்டின் கணக்கும் ஒரே நோட்டில் எழுதப்படுகிறது. கொம்பை மட்டும் விளையாட்டுப் பரிசாகக் கொண்டாடும் வழக்கமும் அவர்களிடம் வேர்விடவில்லை. வெளியூரிலிருந்து வருடத்துக்கு ஒன்பது நாள் காட்டுக்கு வருகிறவருக்குக் காடு சொல்லும் கணக்கு வந்து சேர்வதே இல்லை. தலைமுறை வழியாக வருவது குற்றமில்லை. எந்த நஷ்டம் அந்தத் தலைமுறையின் மடியில் விழுகிறதோ அதைப் பற்றி மட்டும்தான் அது கற்றுக்கொள்ளும்.

'சரி, எதற்கு மானைக் கொல்ல வேண்டும்? ஓநாயை விடுங்கள், கருத்தடை செய்யுங்கள்' என்று நம்மூர் வாசகர்கள் கேட்பது காதில் விழுகிறது. விஸ்கான்சினில் ஓநாய் இருக்கிறது, ஆயிரத்தை ஒட்டி. மான் பதினைந்து லட்சத்துக்கும் மேல். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் 2016 முதல் ஆண் மான்களைப் பிடித்துக் கருத்தடை அறுவை செய்கிறார்கள். ஒரு தீவுக்குப் பல லட்சம் டாலர் செலவழித்துச் செய்ய முடிந்ததை ஒரு மாநிலத்துக்குச் செய்ய முடியாது. நம் புள்ளிமானே இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1868-இல் ஹவாய் மன்னருக்குப் பரிசாகப் போன புள்ளிமான்கள், புலியும் செந்நாயும் இல்லாத தீவுகளில் பெருகி, இன்று மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் கரம்பாக்குகின்றன. அந்தத் தீவுகளில் அரசே அவற்றைச் சுடச் சொல்கிறது. கிண்டியில் பார்த்து நாம் உருகும் அதே மான்தான்.

கண்ணுக்கு எட்டாதது என்றால் காலத்தால் தொலைவில் இருப்பது மட்டும் இல்லை, அபூர்வமாக நடப்பதும்தான். 'நாற்பது வருடமாகப் பெல்ட் போடாமல்தான் பரண் ஏறுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று ஒரு பெரியவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மாநிலம் முழுக்கக் கணக்கெடுத்தால், பரணிலிருந்து விழுவதுதான் வேட்டைக்காரரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும் காரணங்களில் முன்னால் நிற்கிறது. ஏறத் தொடங்குவதிலிருந்து இறங்கி முடிக்கும் வரை உடம்பு முழுவதையும் பிடிக்கும் வார்ப்பட்டை வேண்டும், ஏணியோடு கயிறும் வேண்டும், துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கி விபத்தும் இப்படித்தான். 1966-இல் விஸ்கான்சினில் ஒரு லட்சம் வேட்டைக்காரருக்கு 44 பேர் காயமடைந்தார்கள். அடுத்த வருடம் பாதுகாப்பு வகுப்புகள் தொடங்கின. 1980-இல் ஆரஞ்சு உடை கட்டாயமானது. 1973-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் வகுப்பு முடித்தால்தான் உரிமம் என்றானது. இப்போது அந்த எண் 4-க்கும் கீழே. அப்பாக்கள் கவனமில்லாதவர்கள் என்பதல்ல. இரண்டாயிரத்தில் ஒருவருக்கு நடப்பதை ஒரு குடும்பம் தன் அனுபவத்தில் காணவே காணாது, ஆகவே அதற்குப் பாடமும் இருக்காது.

இந்த ஆரஞ்சு உடை விஷயத்தில் எனக்கு ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. அரசாங்கம் திணித்ததாக முணுமுணுத்த அதே குடும்பங்களில் இன்று ஆரஞ்சு இல்லாமல் வாசலைத் தாண்டவிடாதவர் தாத்தாதான். சட்டமாக வந்தது இரண்டு தலைமுறையில் வழக்கமாகிவிட்டது. ஈயத் தோட்டாவும் அப்படி மாறக்கூடும். ஈயக் குண்டு மான் உடம்பில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறி, காயத்திலிருந்து கையளவு தள்ளியுள்ள கறியிலும் போய் ஒட்டும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் கறிப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்தபோது அது வெளியே வந்தது. காட்டில் விட்ட குடலைத் தின்னும் கழுகுகளின் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவின் 38 மாநிலங்களில் சோதித்த கழுகுகளில் ஏறத்தாழ பாதிக்கு நாட்பட்ட ஈய நஞ்சு இருந்ததாக 2022-இல் ஆய்வு வந்தது. செம்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. 'அப்பா ஈயத்தில் சுட்டதைத் தின்றுதானே வளர்ந்தோம்' என்பது பதிலாகாது. ஈயம் குழந்தைகளின் மூளையில் செய்யும் கெடுதல் எந்தச் சாப்பாட்டு மேசையிலும் தெரியாது.

இப்போது நடந்துகொண்டிருப்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினமான சோதனை. மான்களின் மூளையைச் சல்லடையாக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் 1967-இல் கொலராடோவின் ஆராய்ச்சிக் கொட்டடி ஒன்றில் முதலில் காணப்பட்டது. பிரியான் என்ற உருக்குலைந்த புரதம்தான் காரணம். வேகவைத்தாலும் சாகாது, மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். விஸ்கான்சினில் 2002 பிப்ரவரியில் மவுண்ட் ஹோரெப் ஊர்ப் பக்கம் மூன்று மான்களில் கண்டுபிடித்தார்கள். அரசு பதறிப்போய், அந்த வட்டாரத்தின் மான் மொத்தத்தையும் சுட்டொழியுங்கள் என்றது. நிலக்காரர்கள் மறுத்தார்கள், சில வருடத்தில் திட்டம் கைவிடப்பட்டது. மக்களை அழைத்துப் பேசாமல் மேலிருந்து உத்தரவு போட்டால் சரியான அறிவியலும் தோற்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். இன்று மாநிலத்தின் தென்மேற்கில் சில வட்டாரங்களில் சோதிக்கப்படும் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோய் இருக்கிறது.

'பார்த்தால் நன்றாகத்தானே இருந்தது, நல்ல கொழுப்பு' என்பதுதான் கறியைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்படும் அளவுகோல். இந்த நோயில் அது செல்லாது. தொற்றிய மான் ஒரு வருடத்துக்கும் மேல் கொழுகொழுவென்றுதான் திரியும். மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை, ஆனாலும் நோயுள்ள மானைத் தின்னாதீர்கள் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். தலையைக் கொண்டுபோய்ச் சோதனைக்கான பெட்டியில் போட வேண்டும், விஸ்கான்சினில் சோதனைக்குக் கட்டணமில்லை, முடிவு வரும்வரை கறியை உறையவைத்துக் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. எதிர்ப்பு வருவது அடுத்ததில். எல்லோரும் சுட்ட மானையும் ஒரே மேசையில் போட்டு வெட்டி, சேர்த்து அரைத்து, பன்றிக் கொழுப்பு கலந்து சாசேஜ் ஆக்கி, சுட்டவர் சுடாதவர் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவதுதான் அந்தக் குடில்களின் பழைய நியாயம். இப்போது சொல்லப்படுவது: ஒவ்வொரு மானையும் தனித்தனியாக வெட்டுங்கள், பொட்டலத்தின் மேல் அந்த மானின் உரிம எண்ணை எழுதுங்கள், முடிவு வராமல் இரண்டு மானின் கறியை ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்து அரைத்த பிறகு ஒரே ஒரு மானுக்கு நோய் என்று முடிவு வந்தாலும், அந்த வருடத்துச் சாசேஜ் மொத்தமும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.